"ஏன் ஓடு"ன்னா "ஃபேன் போடு": வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல எங்க அண்ணன் வாய்ஸ் கமாண்ட்லயே ஃபேன் போடுறாருன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அண்ணனுக்குப் பிறந்ததுல இருந்தே செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால தசைங்க சொன்ன பேச்சு கேக்காது, அதனால பேச்சு வெளியாளுக்குச் சட்டுன்னு புரியாது, அப்படிப்பட்டவரு பேச்ச மெஷின் எப்படிக் கேக்குதுன்னு இத்தன பேரு எழுதுவீங்கன்னு சத்தியமா எதிர்பாக்கல. அதனால இந்தத் தடவ மத்த கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டு இது மட்டும்தான். பேரு போட வேணாம்னு நிறைய பேரு கேட்டுக்கிட்டதால யாரு பேரும் போடல.

அக்கா, என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம் ஆகுது. பேச்சு குழறுது, ஆனா எனக்கும் பசங்களுக்கும் புரியுது. வலது கை வேல செய்யாததால போன்ல மைக்க அழுத்திப் பேசி டைப் பண்ணச் சொன்னோம், சம்பந்தா சம்பந்தம் இல்லாம எழுதுது. எங்களுக்குப் புரியுறது போனுக்கு ஏன் புரிய மாட்டேங்குது?

உங்களுக்கு ஏன் புரியுதுன்னு முதல்ல யோசிங்க. எட்டு மாசமா கூடவே இருந்து உங்க காது பழகிடுச்சு, அதுவும் இல்லாம இந்த நேரத்துக்கு அவரு என்ன கேப்பாருன்னு அவரு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். போனுக்கு இது ரெண்டுமே கிடையாது. அது வர்ற சத்தத்த ஒரு செகண்டுக்கு நூறு துண்டா நறுக்கும், ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்து மாதிரி இருக்குன்னு மார்க் போடும், அப்புறம் இந்த எழுத்தெல்லாம் சேந்தா என்ன வார்த்தை, இதுக்கு அடுத்து வழக்கமா என்ன வார்த்தை வரும்னு ஊகிச்சு எழுதும், அவ்வளவுதான். இதுக்காக அது கேட்டுக் கேட்டுப் படிச்ச குரல் எல்லாம் பெரும்பாலும் தங்கு தடையில்லாம பேசுறவங்க குரல். உங்க வீட்டுக்காரரு மாதிரி ஒரு குரல அது கேட்டிருக்கவே மாட்டாது.

கிட்டப் போயி பாத்தா இன்னும் நல்லா தெரியும். எங்க அண்ணன் "ஃபேன் போடு"ன்னு சொன்னா போன் "ஏன் ஓடு"ன்னு எழுதும். ஏன்னா வார்த்தை ஆரம்பிக்கிற இடத்துல உதடோ நாக்கோ போய் ஒட்டுறதுக்குள்ள அவருக்குக் குரல் கிளம்பிடுது, முதல் மெய்யெழுத்து விழுந்துடுது. தமிழ்ல இன்னொரு வம்பு இருக்கு, நமக்குக் குறிலும் நெடிலும் வேற வேற வார்த்தை. நாக்கு மெதுவா நகர்றவங்க எல்லாத்தையும் இழுத்துத்தான் சொல்லுவாங்க, படம் பாடமாகும், கல் காலாகும், விடு வீடாகும். போதாக்குறைக்கு ட, ண, ள, ழ எல்லாத்துக்கும் நாக்க மடிக்கணும். இந்த மாதிரி தசைக் கட்டுப்பாடு குறைஞ்சு பேச்சு குழறுறதுக்கு டிஸார்த்ரியான்னு பேரு, ஸ்ட்ரோக், பார்கின்சன், ஏஎல்எஸ் (நரம்பு பாதிச்சு தசையெல்லாம் படிப்படியா செயலிழக்குற நோய்), செரிப்ரல் பால்சி எதுலயும் வரலாம்.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் சிலருக்கு வர்றது டிஸார்த்ரியா இல்ல, அஃபேசியா. அதுல வாய்த் தசைய விட வார்த்தை கிடைக்கிறதுதான் பிரச்சன, பேனாவ கைல வச்சுக்கிட்டு அதோட பேரு வராம தவிப்பாங்க, இல்லன்னா பேனாவக் காட்டி கண்ணாடிம்பாங்க. சிலருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும். அஃபேசியாவுக்கு வாய்ஸ் டைப்பிங் பெருசா உதவாது. ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட இது எதுன்னு முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

குழறல் மட்டும்தான்னா வீட்டுலயே ஒண்ணு பண்ணிப் பாருங்க. பத்தே பத்து சின்ன வாக்கியம் எழுதிக்கிட்டு மூணு நாள் காலைல அதையே போன்ல பேசச் சொல்லி போன் என்ன எழுதுதோ அப்படியே குறிச்சு வைங்க. தினமும் ஒரே மாதிரி தப்பா எழுதுனா சந்தோஷப்படுங்க, அந்தத் தப்ப மெஷினுக்குச் சொல்லித் தர முடியும், எப்படின்னு கீழ வருது. ஒவ்வொரு நாளும் வேற வேற மாதிரி வந்தா கஷ்டம்.

அப்புறம், டெக்னாலஜி பத்தி எழுதுறவ இதச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்றேன். அவரு மெசேஜ் அனுப்பப் போறது அவரு பேச்சு புரியுற ஆளுங்களுக்குத்தான்னா எதுக்கு டைப்பிங், வாய்ஸ் நோட்டே போதுமே.

எனக்குத் திக்குவாய். வயசு 24. வாய்ஸ் அசிஸ்டன்ட்கிட்ட பேசுனா நான் பாதில நிக்கும்போதே அது கட் பண்ணிடுது, இல்லன்னா "சாரி, புரியல"ங்குது. மனுஷங்களாவது கொஞ்சம் காத்திருப்பாங்க.

தம்பி, அது உங்க வார்த்தைய புரிஞ்சுக்காம கட் பண்ணல, நீங்க முடிச்சுட்டீங்கன்னு நினைச்சுக் கட் பண்ணுது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லன்னா பேச்சு முடிஞ்சதுன்னு முடிவு பண்ற ஒரு கணக்கு உள்ள ஓடிட்டே இருக்கும். திக்குறவங்களுக்கு வர்ற அடைப்பு அந்த அளவ விட நீளமா போயிடுது. ஐபோன்ல ஐஓஎஸ் 16ல இருந்து இதுக்கு ஒரு செட்டிங் இருக்கு, ஆக்சஸிபிலிட்டிக்குள்ள சிரிக்கு (ஐபோனோட வாய்ஸ் அசிஸ்டன்ட்) போனீங்கன்னா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு மாத்திக்கலாம், அங்க இருக்குற மூணு அளவுல ரொம்ப நீளமானத வைங்க. வேற போன்னா பட்டன அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பேசுற மாதிரி எந்த ஆப் இருக்கோ அது உங்களுக்கு நல்லது, விரல் எடுக்குற வரைக்கும் அது பாட்டுக்குக் கேக்கும்.

முதல் எழுத்த திரும்பத் திரும்ப சொல்றது இருக்கே, "ப ப ப படம்", அது வேற விஷயம், அத சில சாஃப்ட்வேர் தனி வார்த்தையாவே எழுதி வைக்கும். இதுக்காகவே 2021ல ஆப்பிள் ஆராய்ச்சியாளர்கள் மூணு மூணு செகண்டுல 28,000 ஆடியோ துண்டு சேத்து, எங்க அடைப்பு, எங்க இழுப்பு, எங்க திரும்பச் சொல்றதுன்னு குறிச்சு எல்லாரும் எடுத்துக்கலாம்னு வெளியிட்டாங்க. எல்லாம் பாட்காஸ்ட்ல இருந்து எடுத்தது, திக்குறவங்களே நடத்துற பாட்காஸ்டும் அதுல இருக்கு. உலகத்துல நூத்துக்கு ஒருத்தருக்குத் திக்கு இருக்குங்குறாங்க, அப்புறம் எப்படி இவ்வளவு நாள் இத யோசிக்காம இருந்தாங்கன்னுதான் எனக்குக் கோவம் வருது.

என் பொண்ணுக்கு 14 வயசு, செரிப்ரல் பால்சி. புத்திசாலி, எல்லாம் புரியும். அவ குரலுக்குன்னே போன பழக்க முடியுமா? தமிழ்ல?

முடியும், ஆனா எதிர்பார்ப்ப கொஞ்சம் பிரிச்சு வச்சுக்கணும் அம்மா.

ஒரு வேடிக்கை சொல்றேன். மெஷின் ஒரு ஆளோட குரலுக்குப் பழகுறதுங்குறது புதுசே இல்ல. 1952ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்குற ஆராய்ச்சிக் கூடத்துல ஆட்ரின்னு ஒரு மெஷின் செஞ்சாங்க, பூஜ்யத்துல இருந்து ஒம்பது வரைக்கும் எண்ணு மட்டும் புரியும், அதுவும் யாரு குரலுக்கு ட்யூன் பண்ணாங்களோ அவரு சொன்னாத்தான் ஒழுங்கா கேக்கும். 1997ல டிராகன்னு பேசுனா டைப் பண்ற சாஃப்ட்வேர் வந்தப்பக் கூட வாங்குனதும் உக்காந்து பக்கம் பக்கமா படிச்சுக் காட்டணும். அப்புறம் யாரு பேசுனாலும் புரியும்ங்குறத பெருமையா விக்க ஆரம்பிச்சாங்க, அந்த "யாரு பேசுனாலும்"ல உங்க பொண்ணும் எங்க அண்ணனும் இல்லாமப் போயிட்டாங்க.

இப்ப திரும்பி வர்றாங்க. கூகுள் 2019ல யூஃபோனியான்னு ஒரு ப்ராஜெக்ட் அறிவிச்சு, பேச்சுக் குறைபாடு இருக்குற ஆயிரத்துக்கும் மேல ஆளுங்ககிட்ட பத்து லட்சத்துக்கும் மேல வாக்கியம் பதிவு பண்ணாங்க. அதுல டிமிட்ரி கனெவ்ஸ்கின்னு ஒருத்தரு, அங்கயே ஆராய்ச்சியாளர், சின்ன வயசுலயே காது கேக்காமப் போனவரு, தன் குரல்ல 15,000 வாக்கியத்துக்கு மேல தானே பேசிப் பதிஞ்சாரு. அப்புறம் 2021 நவம்பர்ல ரிலேட்னு ஒரு ஆப் பீட்டாவா, அதாவது சோதனை வடிவமா, வந்துச்சு, அதுல 500 வாக்கியம் படிச்சா உங்க குரலுக்குன்னு தனியா பழகிக்கும். அதே வருஷம் வந்த அவங்க ஆய்வுல, சின்னச் சின்ன வாக்கியத்துல இப்படித் தனியாப் பழக்குன மெஷின் மனுஷங்கள விட சரியா கேட்டுச்சாம், படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு. 2022 அக்டோபர்ல அமெரிக்காவுல இல்லினாய் யுனிவர்சிட்டி, அமேசான் ஆப்பிள் கூகுள் மெட்டா மைக்ரோசாஃப்ட் அஞ்சு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு இதே மாதிரி குரல் சேகரிக்கப் போறோம்னு அறிவிச்சாங்க.

இதெல்லாம் ஆரம்பிச்சது ஆங்கிலத்துலதான். தமிழ்ல எஸ்எஸ்என் இன்ஜினியரிங் காலேஜ்ல செரிப்ரல் பால்சி இருக்குற 20 பேருகிட்ட ஆளுக்கு 365 சொல்லும் வாக்கியமும் பதிஞ்சு ஒரு தொகுப்பு பண்ணிருக்காங்க, 2021ல வெளியாச்சு. நல்ல வேல. ஆனா பத்து லட்சத்துக்குப் பக்கத்துல இத வச்சுப் பாருங்க, ஏன் தமிழ் பின்னாடி நிக்குதுன்னு புரியும்.

அதனால உங்க பொண்ணு தமிழ்ல கட்டுரை முழுக்க சொல்லி போன் எழுதுறத நாளைக்கே எதிர்பாக்காதீங்க. ஆனா இருபது முப்பது கட்டளை, லைட்டு, ஃபேன், அம்மாவுக்குப் போன், பாட்டு, இது இப்பவே ஆகும். ஐபோன்ல ஐஓஎஸ் 18ல இருந்து வோக்கல் ஷார்ட்கட்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஒரு சொல்ல மூணு தடவ சொல்லிப் பதிஞ்சு வச்சு, அதச் சொன்னா இன்ன வேலைய செய்யின்னு கட்டி விடலாம். கூடவே வழக்கத்துக்கு மாறான பேச்சக் கேக்குறதுக்குன்னும் ஒரு செட்டிங் குடுத்திருக்காங்க, ஆங்கிலத்துக்கு.

எங்க வீட்டுல பண்ணது இன்னும் நாட்டு வழி. வாய்ஸ் அசிஸ்டன்ட்ல ரொட்டீன்னு இருக்கும்ல, என்ன சொன்னா என்ன செய்யணும்னு நாமளே எழுதி வைக்கிற இடம். அதுல "ஃபேன் போடு"ன்னு எழுதாம, அண்ணன் சொன்னா அதுக்கு எப்படிக் கேக்குதோ அப்படியே "ஏன் ஓடு"ன்னே எழுதி வச்சேன். பதினஞ்சு தடவ சொல்லச் சொல்லி நோட்டுல குறிச்சேன், பதினொரு தடவ "ஏன் ஓடு", மூணு தடவ "ஏன் கூடு", ஒரு தடவ என்னவோ. முதல் ரெண்டையும் போட்டேன், முடிஞ்சுது கதை. அண்ணன் அன்னைக்கு ராத்திரி அத போட்டு நிறுத்தி போட்டு நிறுத்தி, அம்மா வந்து திட்டுற வரைக்கும் ஓயல.

சொல்லு தேர்ந்தெடுக்கும்போது ஒண்ணோட ஒண்ணு நீளத்துலயும் உயிரெழுத்துலயும் நல்லா வேறுபடணும். "போடு", "மூடு" ரெண்டும் முதல் எழுத்து விழுந்தா கிட்டத்தட்ட ஒண்ணு, வச்சுடாதீங்க. அகராதில இருக்குற சொல்லாத்தான் இருக்கணும்னும் இல்ல, அவளுக்கு எது சுலபமா வருதோ அது. பதியும்போது அவ வழக்கமா உக்கார்ற மாதிரியே உக்காரட்டும், தலை சாஞ்சா குரல் மாறும், மைக்கும் எப்பவும் ஒரே தூரத்துல இருக்கட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல ஒரே மூச்சா வேணாம், களைச்ச குரல் வேற குரல். 14 வயசுங்குறதால இன்னும் குரல் மாறும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா திரும்பப் பதிய வேண்டி வரலாம்.

ஸ்டீபன் ஹாக்கிங் கூட இந்த சாஃப்ட்வேர் வச்சுத்தானே பேசுனாரு?

இல்லங்க, அது நேர் எதிர். 1985ல மூச்சுக்குழாய்ல ஆபரேஷன் பண்ணதும் அவருக்குக் குரலே போயிடுச்சு. ஸ்கிரீன்ல எழுத்தத் தேர்ந்தெடுப்பாரு, கடைசிக் காலத்துல கன்னத் தசைய அசைச்சே, அத கம்ப்யூட்டர் குரலா படிக்கும். எழுத்த குரலாக்குறது அது, நம்ம பேசிட்டு இருக்குறது குரல எழுத்தாக்குறது. குரலே வராதவங்களுக்குப் படத்தத் தொட்டா பேசுற ஆப்தான் இன்னைக்கும் நடைமுறைக்கு ஒத்து வரும், ஆவாஸ்னு ஒண்ணு தமிழ்லயும் இருக்கு. மூளைக்குள்ள எலெக்ட்ரோடு வச்சு, ஏஎல்எஸ் வந்த ஒருத்தரு பேச நினைக்கிறத 97 சதவீதம் சரியா எழுத வச்சாங்க கலிஃபோர்னியாவுல, 2024ல வந்த சேதி. ஆனா அதுக்கு மண்டைய தொறக்கணும், ஆஸ்பத்திரி ஆராய்ச்சில மட்டும்தான் இப்போதைக்கு.

அப்பாவுக்குப் பார்கின்சன். வார்த்தை தெளிவுதான், ஆனா சத்தமே வரல. போன் கேக்க மாட்டேங்குது.

உங்க அப்பாவுக்குச் செலவு கம்மி. வாய்க்குப் பக்கத்துல வர்ற ஹெட்செட் மைக் ஒண்ணு போட்டுப் பாருங்க, பாதிப் பிரச்சன அங்கயே தீந்துடலாம். மாத்திரை நல்லா வேல செய்யுற நேரத்துல போன் வேலைய வச்சுக்கச் சொல்லுங்க. பார்கின்சன்ல தான் சின்னக் குரல்ல பேசுறோம்னே அவங்களுக்குத் தெரியாது, சத்தமா பேசுங்கன்னா "கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்"ம்பாங்க, அது பிடிவாதம் இல்ல, நோயோட குணம். குரல பெருசாக்கவே தனியா தெரபி இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. வாக்கியத்தோட கடைசில வேகம் எடுத்து வார்த்தையெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு விழும், அதுக்கு மட்டும் நாலஞ்சு வார்த்தைக்கு ஒரு தடவ நிறுத்தச் சொல்லிப் பழக்குங்க.

அக்கா, நான் இன்ஜினியரிங் ஃபைனல் இயர். டிஸார்த்ரியா பேச்சுக்குத் தமிழ் ஏஎஸ்ஆர், அதாவது பேச்ச எழுத்தாக்குற சாஃப்ட்வேர்தான் என் ப்ராஜெக்ட். ஏற்கனவே பழக்கி வச்சிருக்குற விஸ்பர்ங்குற மாடல எடுத்து, இந்தப் பேச்சுக்குன்னு மேல பழக்கி (ஃபைன் ட்யூன்) 95% அக்யூரசி வந்துடுச்சு. கைடு ஓகே சொல்லிட்டாரு. பேப்பர் போடலாமா?

கொஞ்சம் பொறு தம்பி. 95ன்னு கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம், நீ டெஸ்ட் பண்ண வாக்கியம் எல்லாம் மாடல பழக்குன ட்ரெயினிங்லயும் இருந்துச்சா? மேல சொன்ன மாதிரி தொகுப்புல எல்லாரும் ஒரே 365ஐத்தான் பேசியிருப்பாங்க. அத கலைச்சுப் போட்டு எண்பதுக்கு இருபதுன்னு பிரிச்சா, ஒருத்தரு சொன்ன வாக்கியம் ட்ரெயினிங்ல, அதையே இன்னொருத்தரு சொன்னது டெஸ்ட்ல. மாடல் பேச்சக் கேக்கக் கத்துக்கல, 365 வாக்கியத்த மனப்பாடம் பண்ணிடுச்சு. ஆளையும் தனியா ஒதுக்கு, வாக்கியத்தையும் தனியா ஒதுக்கு, அப்புறம் எவ்வளவு வருதுன்னு பாரு. நம்பர் விழும், விழட்டும், அதுதான் உன் பேப்பர்.

விஸ்பர் 2022ல 6,80,000 மணி நேர ஆடியோ கேட்டு வந்தது, அதுல தமிழ் துளிதான். அதுக்கு இன்னொரு கெட்ட பழக்கம், நிசப்தம் நீளமா வந்தா தானா கதை விடும். 2024ல வந்த ஒரு ஆய்வுல, கொடுத்த ஆடியோவுல சுமார் 1 சதவீதத்துல யாரும் சொல்லாத வாக்கியமே முளைச்சிருக்கு, அதுவும் அஃபேசியா இருக்குறவங்க குரல்ல அதிகமா. வெறுமனே தப்பா எழுதுனா படிக்கிறவங்களுக்குத் தப்புன்னு தெரியும், அழகான வாக்கியமா தப்பா எழுதுனா அவரு அப்படித்தான் சொன்னாருன்னு நம்பிடுவாங்க, ஒரு ஆஸ்பத்திரில இது நடந்தா யோசிச்சுப் பாரு. அதனால நடுவுல வர்ற நிசப்தத்த முதல்ல வெட்டிட்டுக் கொடு.

அப்புறம் வார்த்தைப் பிழை விகிதத்த மட்டும் பிடிச்சுத் தொங்காத. "ஏன் ஓடு"க்கு அந்தக் கணக்குல நூத்துக்கு நூறு பிழை, ஆனா எங்க வீட்டுல ஃபேன் ஓடுது.

பையன் குரல இப்படி மணிக்கணக்கா கம்பெனிக்காரனுக்குப் பதிஞ்சு குடுத்தா நாளைக்கு அவன் என்ன பண்ணுவானோ?

நியாயமான பயம். போன்லயே வச்சுக்குதா, வெளிய அனுப்புதான்னு பதியுறதுக்கு முன்னாடி வர்ற நீளமான பக்கத்துல இருக்கும், அத ஓகே தட்டித் தாண்டாதீங்க. அழிக்கச் சொன்னா அழிப்பாங்களான்னும் பாருங்க. பையன் விவரம் தெரிஞ்சவன்னா அவன்கிட்டயும் கேளுங்க, குரல் அவனோடது.

எனக்குப் பிறவிலயே பேச்சு இப்படித்தான். மனுஷங்க புரியலன்னாலும் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டுப் போயிடுறாங்க. போன் தப்பா எழுதுனாலும் அதுக்கு என்ன கேட்டுச்சுன்னு ஸ்கிரீன்ல தெரியுது, திருத்திச் சொல்ல முடியுது. அதனால போன்கிட்ட பேசுறதே எனக்கு நிம்மதியா இருக்கு. இது தப்பா?

தப்பே இல்லங்க. சொல்லப்போனா நல்ல யோசனையே இதுல இருக்கு, ஆளுங்ககிட்டயும் அந்த ஸ்கிரீன நடுவுல வச்சுப் பேசிப் பாருங்க, பாதி தப்பா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் பிடிச்சுக்க ஒரு வார்த்தை கிடைக்கும். நேர்ல பேசுறவங்ககிட்ட "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க"ன்னு தைரியமா கேளுங்க, முதல் நாலு பேருகிட்ட சங்கடமா இருக்கும், அப்புறம் அவங்களே பழகிடுவாங்க.

உங்க லெட்டர அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுனேன். தலையாட்டிட்டுப் போறாங்கன்ற வரிக்கு விழுந்து விழுந்து சிரிச்சாரு, சிரிச்சு முடிச்சுட்டு என்னப் பாத்து "ஈயும்தான்"ன்னாரு. நான் வேற ஏதோ யோசனைல ஆமாமான்னு தலைய ஆட்டிட்டு அடுத்த லெட்டர எடுத்தேன். "நீயும்தான்"னு சொல்லிருக்காருன்னு எனக்கு உறைக்கறதுக்கு அடுத்த பக்கம் ஆச்சு.